கட்டற்ற மென்பொருள் யாருக்குச் சொந்தம்? உரிமைச் சண்டைகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: நானும் கல்லூரி நண்பனும் சேர்ந்து தொடங்கிய பைதான் லைப்ரரி (மற்ற நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு). இப்போது இருவருக்கும் பேச்சில்லை. நிரலைச் சேமிக்கும் கிட்ஹப் ரெப்போவும் டொமைனும் (இணைய முகவரி) அவன் கையில், பயனர்கள் லைப்ரரியை இறக்கிக்கொள்ளும் பைபிஐ களஞ்சியத்தின் கணக்கு என் கையில். யாருடையது என்று எப்படி முடிவு செய்வது, அக்கா?

பதில்: மொத்தமாக 'புராஜெக்ட்' என்று ஒரு சொத்து கிடையாது தம்பி. நிரலின் பதிப்புரிமை, பெயர், ரெப்போவின் அட்மின் அனுமதி, பைபிஐயில் வெளியிடும் அனுமதி, டொமைன் ஐந்தும் தனித்தனி. பதிப்புரிமை எழுதியவருக்கு. அவர் வரிகள் அவருக்கு, உங்கள் வரிகள் உங்களுக்கு. ஆனால் எம்ஐடி, ஜிபிஎல் மாதிரி கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டிருந்தால் இருவரில் யார் வேண்டுமானாலும் முழு நிரலையும் எடுத்துக்கொண்டு போகலாம். மற்றவர் தடுக்க முடியாது. ஆக, உங்களுக்குள் இருப்பது நிரல் தகராறு அல்ல, பெயர்த் தகராறு.

இன்றே 'கிட் குளோன்' கட்டளையை மிரர் விருப்பத்தோடு ஓட்டி நகல் எடுங்கள். எல்லாக் கிளைகளும் டேக்குகளும் (பதிப்புக் குறிகள்) வந்துவிடும். இஷ்யூக்களும் (பிழைப் பதிவுகள்) புல் ரிக்வெஸ்ட் (அனுப்பிய திருத்தங்கள்) விவாதங்களும் வராது, அவற்றை கிட்ஹப்பின் ஏபிஐ (நிரல் மூலம் தரவு கேட்கும் வழி) வழியாகத் தனியே இறக்க வேண்டும். பேசி முடிக்கும்வரை பைபிஐயில் புதுப் பதிப்பு ஏற்றாதீர்கள், அவர் அனுமதியையும் நீக்காதீர்கள். யார் யாரை முதலில் வெளியே தள்ளினார் என்பதைத்தான் பயனர்கள் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: பெயருக்காக இவ்வளவு சண்டை போட வேண்டுமா? ஃபோர்க் செய்து, அதாவது நிரலைத் தனியே பிரித்தெடுத்து, வேறு பெயர் வைத்தால் போதாதா?

பதில்: பல நேரம் போதும். ஹட்சன் கதை அதற்குச் சாட்சி. சன் நிறுவனத்தில் கோசுகே கவாகுச்சி தொடங்கிய, நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் மென்பொருள் அது. 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கியது. நிரலை கிட்ஹப்புக்கு மாற்றுவது பற்றித் தகராறு வந்தபோது, ஹட்சன் என்ற பெயர் தனக்கே உரியது என்றது ஆரக்கிள். 2011 ஜனவரியில் பங்களிப்பாளர்கள் வாக்கெடுத்து, 214க்கு 14 என்ற கணக்கில் ஜென்கின்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஹட்சன் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய் மெல்ல நின்றது. சன்னோடு ஆரக்கிள் கைக்கு வந்த ஓப்பன் ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்த லிப்ரே ஆஃபீஸும் இதே பாதைதான். 2010 செப்டம்பரில் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர்கள் ஓப்பன் ஆஃபீஸ் என்ற பெயரைத் தங்களுக்குத் தருமாறு கேட்டார்கள். ஆரக்கிள் தரவில்லை, மறு ஆண்டு அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. பெயர் அங்கே போனது, வேலை செய்கிற கைகளில் பெரும்பகுதி இங்கே வந்தது.

இரண்டிலும் கூர்ந்து பார்க்க வேண்டியது இதுதான்: நிரலாளர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். தனி ஆளாக ஃபோர்க் செய்தால், பயனர்கள் பழைய பெயரிலேயே இருந்துவிடுவார்கள். எனவே பெயர் யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் புராஜெக்ட் சின்னதாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். இந்தியாவில் டிரேட்மார்க் பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். மென்பொருள் 9ஆம் வகுப்பில் வரும், இணையச் சேவையாக நடத்தினால் 42ஆம் வகுப்பையும் சேருங்கள்.

கேள்வி: பைபிஐயில் ஒரு பேக்கேஜ் கிடப்பில் கிடக்கிறது. ஆசிரியர் பதிலே போடுவதில்லை. பெயரை நான் வாங்க முடியுமா?

பதில்: முடியும், பைதான் சமூகத்தின் பெப் 541 என்ற விதி ஆவணத்தின்படி. கைவிடப்பட்டது என்று சொல்ல மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டும்: உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, கடந்த 12 மாதத்தில் வெளியீடு இல்லை, புராஜெக்ட் முகப்புப் பக்கத்தில் அவர் நடமாட்டம் இல்லை. பைபிஐ நிர்வாகிகளும் தங்கள் பங்குக்குக் குறைந்தது மூன்று முறை தொடர்புகொள்ள முயல்வார்கள், ஆறு வாரம்வரை காத்திருப்பார்கள்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் அதற்கடுத்த நிபந்தனைகள். நீங்கள் முயன்று பதில் வராததற்குச் சான்று வேண்டும். உங்கள் ஃபோர்க்கில் ஏற்கெனவே திருத்தங்கள் செய்து காட்டியிருக்க வேண்டும். வேறு பெயரில் வெளியிட்டால் ஏன் போதாது என்றும் விளக்க வேண்டும். 'பெயர் நன்றாக இருக்கிறது' என்பது காரணம் ஆகாது. 'இத்தனை பேக்கேஜ்கள் இதைச் சார்ந்திருக்கின்றன, இந்தப் பாதுகாப்பு ஓட்டை திறந்தே கிடக்கிறது' என்பது காரணம்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இன்னும் தெளிவு. கவனிப்பாரற்ற பேக்கேஜை மீட்க விரும்புவதாக ஐடிஎஸ் என்ற வகையில் பிழைப் பதிவு போட்டு 21 நாள் பொறுக்க வேண்டும். எதிர்ப்பு வராவிட்டால் ஏழு நாள் தாமத வரிசையில் ஏற்றலாம்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்மில்? கோபத்தில் என் பேக்கேஜையே அழித்துவிடலாம் என்றிருக்கிறது.

பதில்: வேண்டாம். 2016 மார்ச்சில் 'கிக்' என்ற பெயரை ஒரு நிறுவனத்துக்கு என்பிஎம் மாற்றிக் கொடுத்ததும், அதன் ஆசிரியர் தன் பேக்கேஜ்கள் 270க்கு மேல் அகற்றினார். அதில் 11 வரி கொண்ட 'லெஃப்ட்-பேட்' போனதும் அதைச் சார்ந்திருந்த நிரல்களின் பில்டுகள் (தொகுக்கும் வேலைகள்) உலகெங்கும் உடைந்தன. இன்று வெளியிட்டு 72 மணி நேரம் தாண்டினால், வேறு எதுவும் அதைச் சார்ந்திராமல், கடந்த வாரப் பதிவிறக்கம் 300க்குக் கீழ் இருந்து, ஒரே உரிமையாளர் இருந்தால் மட்டுமே நீக்கலாம். விலக விரும்பினால் 'டெப்ரிகேட்' (இனிப் பயன்படுத்த வேண்டாம்) குறி போட்டு, ரெப்போவை ஆர்க்கைவ் செய்யுங்கள் (படிக்க மட்டும் விடுங்கள்). கண்ணியமான வழி அது. உங்களை நம்பி நிறுவியவர் உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

கேள்வி: எனக்கு நேரமில்லை. நன்றாகத் திருத்தங்கள் அனுப்பும் ஒருவர் பொறுப்பைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஒரே நாளில் அல்ல. 2018இல் 'ஈவண்ட்-ஸ்ட்ரீம்' என்ற என்பிஎம் பேக்கேஜ் இப்படித்தான் ஒரு தன்னார்வலர் கைக்குப் போனது. அவர் சேர்த்த புதிய சார்புநிலைக்குள் (உடன் சேர்ந்து நிறுவப்படும் வேறு பேக்கேஜ்) கோபே பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த நிரல் ஒளிந்திருந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் கதை இன்னும் கொடுமை. ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். தனியாளாக, களைத்துப் போயிருந்த பராமரிப்பாளரை வேறு பெயர்களில் சிலர் மடலில் நெருக்கினார்கள். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) நுழைந்தது. 2024 மார்ச்சில், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியோடு இணையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் பிடித்தார். அதை இயக்கும் பில்டு வரிகள் கிட் ரெப்போவில் இல்லை, வெளியீட்டு டார் கோப்பில் (பயனர்கள் இறக்கும் தொகுப்பு) மட்டும் இருந்தன.

ஆகவே படிப்படியாக: முதலில் இஷ்யூ வகைப்படுத்தும் அனுமதி, சில மாதம் கழித்து மெர்ஜ் (திருத்தங்களை நிரலில் சேர்ப்பது), கடைசியில் வெளியீடு. வெளியீட்டு டோக்கனை (கடவுச்சொல் போன்ற சாவி) கையில் கொடுக்காதீர்கள். பைபிஐயின் 'டிரஸ்டட் பப்ளிஷிங்' மூலம் சிஐயிலிருந்தே (தானாகத் தொகுத்துச் சோதிக்கும் அமைப்பு) வெளியிட்டு, இன்னொருவர் ஒப்புதல் இல்லாமல் வெளியீடு ஓடாதபடி வையுங்கள். டார் கோப்பை டேக்கோடு ஒப்பிடுங்கள். 'சீக்கிரம் கொடு' என்று யாராவது நெருக்கினால், அதுவே இன்னும் நிதானிக்கக் காரணம்.

கேள்வி: நாங்கள் பங்களித்த நிரலை நிறுவனம் திடீரென வேறு உரிமத்துக்கு மாற்றிவிட்டது. செல்லுமா?

பதில்: நீங்கள் சிஎல்ஏ (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்) கையெழுத்திட்டிருந்தால் பெரும்பாலும் செல்லும். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபார்ம் மென்பொருளை எம்பிஎல் என்ற கட்டற்ற உரிமத்திலிருந்து கட்டுப்பாடுள்ள பிஎஸ்எல்லுக்கு மாற்றியது அந்தப் பலத்தில்தான். ஆனால் ஏற்கெனவே வெளியான பதிப்புகளின் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. 1.5 வரிசை எம்பிஎல்லிலேயே நின்றது, அங்கிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்து லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் போனது. டிசிஓ (பங்களிப்பின் மூலத்துக்கான உறுதி) வேறு: கமிட்டில் (பதிவு செய்யும் ஒவ்வொரு திருத்தத்திலும்) 'சைன்ட்-ஆஃப்-பை' வரி போடுவது, அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்ற உறுதிமொழி மட்டும். உரிமம் மாற்றும் அதிகாரத்தை அது யாருக்கும் தராது. ஒற்றை நிறுவனம் நடத்தும் புராஜெக்டில் சேருமுன், கேட்பது சிஎல்ஏவா டிசிஓவா என்ற இந்த ஒன்றைப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் ஐடி வேலை. இரவில் வீட்டில் எழுதியதை அலுவலகம் தனது என்கிறது.

பதில்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(சி): வேலையின் பகுதியாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளிக்கு. வேலைக்கு வெளியே செய்தது உங்களுக்கு. ஆனால் நியமனக் கடிதத்தில் 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்' என்று கையெழுத்திட்டிருக்கலாம், அதை முதலில் படியுங்கள். பெரிதாக வளருமுன் மனிதவளத் துறையிடம் எழுத்தில் விலக்கு வாங்குங்கள். அலுவலக மடிக்கணினியையும் மின்னஞ்சலையும் தொடாதீர்கள். பிரிவு 19 படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். சிஎல்ஏ எழுதுகிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

கேள்வி: தனியாளாகப் பராமரிக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால்?

பதில்: கிட்ஹப் கணக்கு அமைப்பில் வாரிசு ஒருவரை நியமியுங்கள். இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் 7 நாள், இரங்கல் செய்தி மட்டும் என்றால் 21 நாள் கழித்து உங்கள் பொது ரெப்போக்களை அவர் மாற்றிக்கொள்ளலாம், உங்கள் கணக்குக்குள் நுழைய முடியாது. அதைவிட நல்லது, இப்போதே ரெப்போவை ஒரு ஆர்கனைசேஷனுக்கு மாற்றி இரண்டு உரிமையாளர்களை வைப்பது. பழைய முகவரி தானாகத் திருப்பிவிடும். ஆனால் பழைய கணக்கில் அதே பெயரில் புது ரெப்போ திறந்தால் அந்தத் திருப்பல் அறுந்துவிடும், கவனம். பைபிஐயிலும் இரண்டாவது உரிமையாளரைச் சேருங்கள். டொமைன் புதுப்பிப்பு அறிவிப்பு இருவருக்கும் போகும்படி பொது மின்னஞ்சலில் பதியுங்கள்.