தரையை ஒட்டி நிற்கும் மொட்டைப் பொருள்கள்: சிமுலேஷன் கேள்வி பதில்

கட்டடம், லாரி, கடலடிக் குழாய் என்று காற்றையோ நீரையோ முட்டி நிறுத்தும் மொட்டை வடிவங்களைக் கம்ப்யூட்டரில் கணிப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மென்பொருள் நிறுவுவது பற்றிக் கேட்டவர்கள் அதன் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, எம்.இ. படிக்கிறேன். தரையில் வைத்த கனசதுரம், கொந்தளிப்பைச் சராசரியாகக் கணிக்கும் ஸ்டாண்டர்ட் கே-எப்சிலான் மாடல். பின்னால் ஓட்டம் திரும்பத் தரையில் ஒட்டும் இடம் சோதனையில் கனசதுர உயரத்தைப்போல 1.6 மடங்கு, எனக்கு 2.2 மடங்கு வருகிறது. மெஷ்ஷை (கணிக்கும் இடத்தைச் சிறு செல்களாக வெட்டும் வலையை) இன்னும் நுணுக்கவா?

வேண்டாம் தம்பி, உங்கள் மெஷ் சரியாகவே இருக்கலாம். மார்ட்டினுஸ்ஸியும் ட்ரோப்பியாவும் 1993ல் வெளியிட்ட சோதனைதானே, ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகத்தைப் பிசுபிசுப்போடு ஒப்பிடும் எண்) 40,000? அதில் இந்த மாடலுக்கு 2.2 வருவது தெரிந்த விஷயம். முன்முகத்தில் காற்று முட்டி நிற்கும் இடத்தில் கே-எப்சிலான் இல்லாத கொந்தளிப்பை எல்லாம் உற்பத்தி செய்துவிடும். அது மேலே ஏறிப் போய்க் கூரையில் ஓட்டம் பிரிவதைக் கெடுக்கும். அதைத் திருத்தக் கேட்டோ-லான்டர் மாற்றத்தைப் போட்டுப் பாருங்கள், கூரை சரியாகும், ஆனால் பின்பக்கச் சுழல் இன்னும் நீளும்! நிஜத்தில் பின்னால் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போகின்றன, அந்த அசைவுதான் வெளிக்காற்றை உள்ளே இழுத்து வந்து சுழல் பகுதியைச் சுருக்குகிறது. நேரத்தில் மாறாத கணக்கில் அந்த அசைவு கிடையாது. நான் முதல் வேலையில் இது புரியாமல் மூன்று வாரம் மெஷ்ஷை மட்டும் நுணுக்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அது வேண்டாம், பெரிய சுழல்களை நேரத்தோடு நேரடியாகக் கணிக்கும் எல்இஎஸ் போடுங்கள், இல்லையென்றால் இந்த வித்தியாசத்துக்கான காரணத்தை ஆய்வேட்டில் எழுதுங்கள்.

கேள்வி: எந்த டர்புலன்ஸ் (கொந்தளிப்பு) மாடல் சிறந்தது?

எதைக் கணிக்கப் போகிறீர்கள் என்று சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை.

கேள்வி: மேடம், அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுற்றி நடைபாதையில் காற்றின் வேகம் வேண்டும். இன்லெட்டில் (காற்று நுழையும் முகப்பில்) கொடுத்த வேகம் கட்டடத்துக்கு வருவதற்குள் மாறிவிடுகிறது.

எல்லோரும் இதைப் படியுங்கள், இனி நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது இதுதான்: கட்டடத்தை எடுத்துவிட்டு வெறும் களத்தை (கணிக்கும் காற்றுப் பெட்டியை) முதலில் ஓட்டுங்கள். இன்லெட்டில் கொடுத்த வேகமும் கொந்தளிப்பும் கட்டடம் நிற்க வேண்டிய இடத்தில் அப்படியே வந்து சேரவில்லையென்றால் பிறகு வரும் எதையும் நம்ப முடியாது.

பொதுவாகக் கோளாறு தரைச் சொரசொரப்பில்தான் இருக்கும். வானிலைக்காரர்கள் சொல்லும் சொரசொரப்பு நீளம் 0.1 மீட்டர் என்றால், மென்பொருள் கேட்கும் மணல் சொரசொரப்பு (அதே தடை தரும் மணல்மணியின் அளவு) அதைப்போல 20 முதல் 30 மடங்கு, அதாவது 2 முதல் 3 மீட்டர். தரையோரம் இருக்கும் முதல் செல்லின் மையம் அதற்கு மேலே இருந்தாக வேண்டும். நீங்களோ ஆள் உயரத்தில் வேகம் கேட்கிறீர்கள்! அதனால் கட்டடத்தைச் சுற்றியுள்ள தரையைத் தனியாகப் பிரித்துக் குறைந்த சொரசொரப்பு கொடுங்கள், வெளியே உள்ள தரைக்கு மட்டும் முழு மதிப்பு. களத்தின் அளவு: முன்னும் பக்கமும் மேலேயும் கட்டட உயரத்தைப்போல 5 மடங்கு, பின்னால் 15 மடங்கு, அடைப்பு (களத்தின் குறுக்குவெட்டில் கட்டடம் மறைக்கும் பங்கு) 3 சதவீதத்துக்குள்.

கேள்வி: அகமது பாடி (காருக்குப் பதிலாகச் சோதிக்கும் எளிய வடிவம்), பின்சரிவு 25 டிகிரி. டிராக் (பின்னிழுக்கும் விசை) சோதனையோடு ஒத்துவருகிறது. முடித்துவிடலாமா?

முடிக்காதீர்கள். 25 டிகிரியில் ஓட்டம் சரிவின் தொடக்கத்தில் பிரிந்து, பாதி வழியில் திரும்ப ஒட்டி, இரண்டு ஓரத்திலும் பலமான சுழல்களை விடுகிறது. 30 டிகிரி அருகே டிராக் உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டியதும் சட்டென்று விழும். எஸ்எஸ்டி போன்ற வேறு கொந்தளிப்பு மாடல்கள் 25லேயே ஓட்டத்தை முழுக்கப் பிரித்துவிடும், சில கே-எப்சிலான் கணக்குகள் பிரிக்கவே பிரிக்காது. இரண்டு தவறு ஒன்றையொன்று அடித்துக்கொண்டாலும் டிராக் எண் நன்றாகவே தெரியும். லீன்ஹார்ட், பெக்கர் அளந்த வேகத் தரவு கிடைக்கிறது, சரிவின் மேலே அதோடு ஒப்பிடுங்கள். தரையை நகர்த்தாமல் வைத்தீர்கள்தானே?

கேள்வி: ஏன் நகர்த்தக் கூடாது? கார் ஓடும்போது காரிலிருந்து பார்த்தால் சாலை பின்னால் போகிறது. நிலையான தரை இயற்பியலுக்கே விரோதம்.

நிஜக் காருக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. காற்றில்லாத நாளில் காற்றும் சாலையும் இரண்டுமே சும்மா இருக்கின்றன, சாலையின் மேல் எல்லைப் படலம் (தரையோரம் வேகம் குறைந்த காற்றடுக்கு) வளரவே வழியில்லை. கட்டடத்துக்கு நேர்மாறு, அங்கே படலம்தான் எல்லாமே. ஆனால் 1984ல் அகமதும் கூட்டாளிகளும் அந்த 1044 மில்லிமீட்டர் பொருளை 4 கால்களில் நிறுத்தி, அசையாத தரைக்கு 50 மில்லிமீட்டர் மேலே வைத்து அளந்தார்கள். அந்த எண்ணோடு ஒப்பிடுகிறவர் அதே தரையைத்தான் கணிக்க வேண்டும். கால்களையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் அந்தச் சோதனையே தவறு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

இல்லை, ஒப்புக்கொள்ளவில்லை. பின்சரிவில் ஓட்டம் எப்படி மாறுகிறது என்பதைக் காட்ட வந்த சோதனை அது, அதைக் காட்டிவிட்டது. தரை அசைந்தால் முதலில் மாறுவது அடிப்பக்க ஓட்டமும் ஏற்ற விசையும். அவைதான் உங்கள் கேள்வி என்றால் ஓடும் பெல்ட் வைத்த காற்றுச் சுரங்கத்துத் தரவைத் தேடுங்கள். ஒன்றை அளந்து இன்னொன்றைக் கணித்து இரண்டையும் ஒரே படத்தில் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேள்வி: எனக்கும் டிராக் ஒத்துவரவில்லை மேடம், என்ன செய்ய?

இதே கேள்வி நான்காவது முறை. வெறும் களத்தை ஓட்டினீர்களா? ஒய் பிளஸ் (சுவரிலிருந்து முதல் செல்லின் தூரத்தைச் சொல்லும் அலகில்லா எண்) பார்த்தீர்களா? எஸ்எஸ்டியைச் சுவர் வரை தீர்க்க 1 அருகே, சுவரோரத்தைச் சூத்திரத்தால் நிரப்பும் சுவர்ச் சார்பு என்றால் 30க்கு மேல். இரண்டையும் பார்த்துவிட்டு எண்களோடு வாருங்கள்.

கேள்வி: கடலடிக் குழாய், தரையிலிருந்து இடைவெளி குழாய் விட்டத்தைப்போல 0.2 மடங்கு. ஸ்ட்ரூஹல் எண் (சுழல்கள் கழன்று போகும் அதிர்வெண்ணைச் சொல்வது) 0.2 எதிர்பார்த்தேன், சுழல் உதிர்வே வரவில்லை. எங்கே பிழை?

பிழையே இல்லாமல் இருக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஸ்ட்ரூஹல் எண் 0.2 என்பது தனியாக நிற்கும் உருளைக்கு உரிய எண். பேர்மனும் ஸ்ட்ராவ்கோவிச்சும் 1978லேயே காட்டினார்கள்: இடைவெளி விட்டத்தில் ஏறத்தாழ 0.3க்குக் கீழே போனால் ஒழுங்கான உதிர்வு அடங்கிவிடும், கீழ்ப்பக்கச் சுழலைத் தரை வளர விடுவதில்லை. இடைவெளியை 1 ஆக்கி ஒரு முறை ஓட்டுங்கள். அங்கே உதிர்வு வந்தால் உங்கள் 0.2 இடைவெளி முடிவையும் நம்பலாம்.

கேள்வி: அகமது பாடியின் தரை விஷயத்தில் இன்னும் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டட்டுமா?

தாராளமாக. ஒரே மெஷ், ஒரே மாடல், தரை மட்டும் மாறட்டும். அடிப்பக்க அழுத்தத்தையும் சரிவின் அழுத்தத்தையும் தனித்தனியாகப் போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.