இரவில் மூடிய வால்வும் காலைக் கையெழுத்தும்

மதிப்பிற்குரிய ஐயா,

கடற்படைக் கப்பல் தளம் ஒன்றில் பல ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்த நான், அண்மையில் இயந்திரப் பழுதுப் பிரிவின் மேற்பார்வையாளராக உயர்த்தப்பட்டேன். நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பழகியவர்கள் இன்று நான் சொல்வதைக் கேட்க முகம் சுளிக்கிறார்கள். கண்டிப்புடன் இருப்பதா, பழைய தோழமையைத் தொடர்வதா என்று தெரியவில்லை. வேலையும் ஓய்வதாக இல்லை. இரவு ஷிஃப்டில் பழுதுபார்த்து மூடிய வால்வுகளுக்கு மறுநாள் காலையில் கையெழுத்திட்டு அனுப்பவே நேரம் போதவில்லை. என் ஆட்களின் மதிப்பை நான் எப்படிப் பெறுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனவருத்தம் புரிகிறது. கூட வேலை செய்தவர்களுக்கே மேலாளாக நிற்பது எவருக்கும் எளிதல்ல. முகச்சுளிப்பு சில மாதங்களில் தானே அடங்கிவிடும். கண்டிப்பா தோழமையா என்ற கேள்விக்கும் பெரிய பதில் தேவையில்லை, ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப இரண்டும் வேண்டும். ஆனால் இரவில் மூடிய வால்வுக்குக் காலையில் கையெழுத்திடுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. சில காலமாகவே இதைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1990 அக்டோபர் 30 அன்று, அமெரிக்கக் கடற்படையின் இவோ ஜிமா என்ற கப்பல் பஹ்ரைனில் பழுதுபார்ப்பை முடித்துக்கொண்டு புறப்பட்ட சிறிது நேரத்தில், மின்னாக்கிக்கு நீராவி கொண்டுசெல்லும் வால்வின் பானெட், அதாவது மேல்மூடி, பிய்த்துக்கொண்டு போயிற்று. கொதிகலன் அறையில் பாய்ந்த நீராவியில் 10 பேர் இறந்தார்கள். அந்த வால்வு அப்போதுதான் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. எஃகு நட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பூச்சுள்ள பித்தளை நட்டுகள் இருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீராவியின் வெப்பம் ஏறும்போது பித்தளை வலுவிழந்துவிடும். குளிர்ந்த நீரை ஏற்றி அழுத்தச் சோதனை செய்திருந்தால்கூட அது தாங்கி நின்றிருக்கலாம். ஆனால் ஒரு சிறு காந்தத்தை ஒட்டிப் பார்த்திருந்தால், அல்லது அரத்தால் ஒரு முறை உரசியிருந்தால், உண்மை அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

நான் வேலை கற்ற காலத்தில் எங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். பானெட்டை மூடுவதற்கு முன் நட்டுகளையெல்லாம் ஒரு துணியில் பரப்பச் சொல்வார். ஒவ்வொன்றாக எடுத்து அதில் பொறித்திருக்கும் தரக்குறியைப் படிப்பார், காந்தம் வைத்துப் பார்ப்பார், ஸ்டட் எனும் மரையாணியில் விரலால் சுழற்றிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான், அளவாக இறுக்க உதவும் டார்க் ரெஞ்சைத் தொட விடுவார். அவர் வருவதற்குள் எவராவது மூடிவிட்டால், எவ்வளவு நேரமானாலும் கழற்றச் செய்வார். எங்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது, முணுமுணுத்தோம். ஆனால் அவர் கையெழுத்திட்ட இயந்திர அறைக்குள், நீராவி ஏற்றிய பிறகு இறங்க எங்களில் எவரும் தயங்கியதில்லை. ஒரு மெக்கானிக்கின் மகன் காய்ச்சலில் கிடக்கிறான் என்று தெரிந்தால், அந்த மெக்கானிக் கேட்பதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கலங்கிய மனத்தோடு எவரும் ஸ்பானரைப் பிடிக்கக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு உறுதியாக இருந்தார்.

நீங்கள் காலையில் பார்ப்பது எதை? வெளியே தெரியும் நட்டின் தலையையும் புதுப் பெயின்டையும் மட்டும்தான். உள்ளே கசிவைத் தடுக்க எந்த கேஸ்கெட் வைத்தார்கள், வால்வின் தட்டு வந்து அமரும் இருக்கையில் நீலச் சாயம் தடவிப் பார்த்தபோது தொடுகை முழு வட்டமாக விழுந்ததா, நட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கினார்களா என்பதையெல்லாம் மூடிய வால்வு உங்களுக்குச் சொல்லாது. 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்கக் கடற்படையின் திரெஷர் நீர்மூழ்கி 129 பேருடன் மூழ்கியது. அதன் பெரும் பழுதுபார்ப்பில் மீயொலியால் சோதித்த 145 வெள்ளிப் பற்றாசுக் குழாய் மூட்டுகளில் ஏறத்தாழ 14 சதவீதம் தரம் குறைந்திருந்தது தெரிந்தும், மற்ற மூட்டுகளை முழுமையாகச் சோதிக்காமலே அது கடலுக்குப் போயிருந்தது. அதே ஆண்டு நீர்மூழ்கிகளின் பாதுகாப்புக்காகத் தொடங்கிய சப்சேஃப் திட்டம், சரியாகச் செய்தோம் என்ற வாய்ச்சொல்லை ஏற்பதில்லை. பொருளுக்கும் வேலைக்கும் சான்று கேட்கிறது. உங்கள் கையெழுத்து அப்படிப்பட்ட சான்று என்று நம்பித்தான், நீங்கள் ஒருபோதும் பார்க்காத ஒரு மாலுமி அந்த வால்வின் அருகே காவலுக்கு நிற்கிறான். நேரம் போதவில்லை என்று அவனிடம் போய்ச் சொல்வீர்களா?

இனிமேல் மூடுவதற்கு முன் நிறுத்த வேண்டிய இடத்தை வேலைத்தாளிலேயே குறித்துக் கொடுங்கள். இரவில் நீங்கள் இருக்க முடியாதென்றால், கண்ணால் பார்த்த இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளரே அந்தக் கட்டத்தில் கையெழுத்திடட்டும். அவரும் பார்க்கவில்லை என்றால் வேலை காலைவரை திறந்தே கிடக்கட்டும். கப்பல் தாமதமாவதற்கான பதிலை மேலிடத்துக்கு நீங்கள் சொல்லுங்கள், அந்தச் சுமையை மெக்கானிக்குகள் தலையில் ஏற்றாதீர்கள்.

ஏற்கெனவே பார்க்காமல் கையெழுத்திட்ட வால்வுகளின் பட்டியலை இன்றே எடுங்கள். நீராவி ஏற்றாதவை எவை என்று பிரித்து, அவற்றை மீண்டும் திறக்க எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். ஏற்கெனவே நீராவி ஏறியவற்றைப் பற்றிக் கப்பலின் தலைமைப் பொறியாளரிடம் நீங்களே நேரில் சென்று சொல்லுங்கள்.