நானோகுழாய் கலந்த நிக்கல் முலாம் சீக்கிரம் துருப்பிடிப்பது பற்றி

வணக்கம். அமிலத்தில் பதப்படுத்திய கார்பன் நானோகுழாய்கள் தண்ணீரில் அழகாகக் கலந்தன, வாட்ஸ் கரைசலில் (நிக்கல் முலாம் பூசப் பயன்படும் நிக்கல் உப்புக் கரைசல்) லிட்டருக்கு 2 கிராம் போட்டதும் அடியில் தங்கிவிட்டன, எஃகின் மேல் பூசிய பூச்சும் சொரசொரப்பாகி வெறும் நிக்கலைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பதப்படுத்தியதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. அமிலம் ஏற்றிய கார்பாக்சில் குழுக்களின் எதிர்மின்னூட்டம்தான் குழாய்களைத் தண்ணீரில் விலக்கி வைக்கிறது. வாட்ஸ் கரைசலிலோ லிட்டருக்கு 300 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். அந்த அயனிகள் மின்னூட்டத்தை மறைத்துவிடுவதால் குழாய்கள் கட்டியாகிவிடுகின்றன.

கட்டிகள்தான் துருவுக்கும் காரணம். பூச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி மின்சாரத்தைக் கடத்தும். அதன் நுனியில் நிக்கல் முண்டுமுண்டாக வளரும், அடியில் துளை நிற்கும். அந்தத் துளை வழியே உப்புநீர் எஃகைத் தொட்டால், நிக்கலும் கார்பனும் கேத்தோடாகி (அரிக்கப்படாத எதிர்முனையாகி) எஃகுதான் அரிபடும்.

முதலில் குழாய்களின் அளவை லிட்டருக்கு 0.2 கிராமுக்குக் குறையுங்கள். அப்புறம், சிடிஏபி (CTAB) போன்ற நேர்மின் பரப்புவினைப்பொருளை (சோப்பு போலக் குழாய்களின் மேல் ஒட்டி, நேர்மின்னூட்டம் தரும் பொருள்) கொஞ்சம் சேர்த்து அல்ட்ராசோனிக்கில், அதாவது மீயொலி அதிர்வில், கலக்குங்கள். நேர்மின்னூட்டம் வந்தால், முலாம் பூசும்போது கேத்தோடாக இருக்கும் எஃகை நோக்கிக் குழாய்கள் வர உதவும். அதிகம் வேண்டாம், பூச்சு நொறுங்கும் தன்மை அடைந்துவிடும்.

துளை வழியே உப்புநீர் எஃகைத் தொடாமல் இருக்க, எஃகின் மேல் முதலில் வெறும் நிக்கல் ஓர் அடுக்கு பூசி, அதன்மேல் கலவையை ஏற்றிப் பாருங்கள். நான் முதலில் செய்வது இதைத்தான். உலர்ந்த குழாய்த் தூளைக் கையாளும்போது முகமூடி அவசியம், தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பூச்சின் குறுக்குவெட்டுப் படம் இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.