குலுக்கல் டேபிள்லயா, கல்லாவுலயா?

கே: "அதிர்ஷ்டம் இல்ல, மூளைதான்"னு பெட்டி மேல போட்டிருந்துச்சு, டிராகன், மந்திரவாதி சண்டை போடுற கார்டு கேம். பிரிச்சா கலைச்சுப் போட்டு ஆடச் சொல்றான். ஏமாந்துட்டேனா?

ப: பாதி. கலைச்சாலே அதிர்ஷ்டம் உள்ள வந்துரும், எவ்ளோங்கறதுதான் விஷயம். மேஜிக் தி கேதரிங்ங்கற கார்டு கேம்ல, ஆடுறவன் தானே சேத்துக் கட்டுற 60 கார்டு டெக்குல (சீட்டுக்கட்டுல) ஒரே கார்ட 4 காப்பி வச்சாலும், முதல்ல எடுக்குற 7 கார்டுல அது ஒண்ணாவது வர்றது நூத்துக்கு 40 தடவதான். மிச்ச 60 தடவைக்கும் சேத்து டெக் கட்டுறாம் பாருங்க, அங்கதான் மூளை. கலைக்கவே வேணாம்னா பேட்டில்கான் மாதிரி கேம் பாருங்க, கார்டெல்லாம் ஆரம்பத்துலயே உங்ககிட்ட, எதிராளி எத வைப்பான்னு ஊகிக்கறதுதான் ஆட்டமே.

கே: பையன் 30 கார்டு பாக்கெட் பிரிச்சுட்டான், அவன் கேட்ட டிராகன் வரவே இல்ல. முழு பெட்டியா வாங்கிட்டா வருமா?

ப: வாங்காதீங்க. அந்த ஒத்தக் கார்ட தனியா விக்கிறவங்ககிட்ட வாங்குங்க, வேல முடிஞ்சுது. ரொம்ப நாளா இதச் சொல்லணும்னு இருந்தேன். 1993ல ரிச்சர்ட் கார்ஃபீல்டோட மேஜிக் வந்ததுல இருந்து உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பாக்கெட்தான் இந்த வியாபாரமே, நல்ல கார்ட கம்மியா அச்சடிப்பான், நம்ம பிரிச்சுக்கிட்டே இருப்போம். ஆட்டத்துல அதிர்ஷ்டம் கம்மின்னு பெருமையா சொல்லிட்டு அதத் தூக்கி கல்லாவுல வச்சுட்டாங்க. நானும் ஒரு வருஷம் பிரிச்சேங்க. ஒரே பூதம் 11 காப்பி, இன்னும் கட்டிலுக்கு அடியில செருப்பு டப்பாவுல கெடக்கு, மூடியத் தெறந்தா 11 பேரும் கோடாலியத் தூக்கிட்டு மொறைக்கிறானுங்க. காசு வாங்கிட்டு குலுக்கல் பெட்டி குடுக்கறது சூதாட்டம்னு பெல்ஜியத்துல 2018லயே சில வீடியோ கேம்களச் சொன்னாங்க. அட்டப் பாக்கெட்ட அந்தக் கணக்குல சேக்கல. டொமினியன்னு ஒரு கார்டு கேம் 2008ல வந்துச்சு, எல்லாரும் ஆடத் தேவையான கார்டு ஒரே பெட்டியில, யாருக்கு யாரும் காசால ஒசத்தி இல்ல. பையனுக்கு அப்படி ஒண்ணு வாங்கிக் குடுங்க.

கே: ஒரு கேமோட எக்ஸ்பான்ஷன் (கூடுதல் கார்டு செட்) வாங்கினேன், அத வச்சு ஆட முடியல. கம்பெனி மேல கம்ப்ளெயின்ட் பண்ணலாமா?

ப: மெயின் செட் இல்லாம ஆட முடியாதுன்னு பெட்டியிலயே போட்டிருப்பானே. படிச்சீங்களா?

கே: ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட பழைய ரேர் கார்டு வாங்கினேன், ரெண்டு மாசம் சேத்த காசு. டூப்ளிகேட்னு ஃப்ரெண்டு சொல்றான். ஆள் இப்ப பதிலே போட மாட்டேங்கிறார்.

ப: உங்க மேல தப்பில்லங்க, போட்டோவுல யாருக்கும் தெரியாது. அதே செட்டுல சாதாரண ஒரிஜினல் கார்டு ஒண்ணப் பக்கத்துல வச்சு ரெண்டையும் பூதக்கண்ணாடியில பாருங்க. ஒரிஜினல்ல கறுப்பு எழுத்து கெட்டியா இருக்கும், டூப்ளிகேட்ல பல சமயம் எழுத்தே புள்ளி புள்ளியாத் தெரியும். மடக்கிப் பாருன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, மடிப்பு விழுந்துட்டா திருப்பி வாங்க மாட்டான். விளம்பரம், சாட், பணம் கட்டினது எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாங்கின தளத்துல இன்னிக்கே புகார் போடுங்க, அதுக்கு நாள் கணக்கு இருக்கும். அவர் பதில் போடுவார்னு காத்திருக்க வேணாம்.

கே: கார்டுக்கு மாட்டுற பிளாஸ்டிக் உறை, அதான் ஸ்லீவ், எந்த சைஸ்?

ப: கார்ட அளந்துட்டு வாங்குங்க. மேஜிக் சைஸ்னா 63க்கு 88 மில்லிமீட்டர். அளக்காம வாங்கின 200 ஸ்லீவ் என்கிட்ட சும்மாதான் கெடக்கு, சின்ன கார்டு வச்சிருக்கவங்க யாராவது இருந்தா எழுதுங்க.