அப்பாவின் பழைய பேர்குசனை யார் கையில் கொடுப்பது?

கேள்வி: அப்பா வயலுக்கு வைத்திருந்த சாம்பல் நிறப் பேர்குசன் டிரக்டர் மெஷினும், தண்ணீர் இறைத்த லிஸ்டர் எஞ்சினும் கொட்டிலில் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. அப்பாவுக்கு இப்போது ஏலாது. பழைய இரும்புக்காரர் நிறுவைக்குக் கேட்கிறார். இன்னொருவர், "கொழும்பில் ஆள் இருக்கிறது, நல்ல விலை எடுத்துத் தருகிறேன், படிவத்தில் அப்பாவின் கையெழுத்தை மட்டும் வாங்கி வையுங்கள்" என்கிறார். இவற்றை மதித்து வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுக்கத்தான் எங்களுக்கு விருப்பம். என்ன செய்யலாம்? (தம்பலகாமம் வாசகி)

முதலில் அந்தக் கையெழுத்து. அப்பா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வாங்குபவரின் பெயர் எழுதாத பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, மெஷினைக் கை மாற்றி மாற்றி விற்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். நாலு பேர் கை மாறினாலும் பதிவுப் புத்தகத்தில் உங்கள் அப்பாவின் பெயர்தான் இருக்கும். நாளைக்கு அது மகாவலி கங்கைக் கரையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிப் பிடிபட்டால், பொலிஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. இந்த வயதில் அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டுமா? வாங்குபவர் நேரில் வரட்டும், அடையாள அட்டையைக் காட்டட்டும், படிவத்தில் அவருடைய பெயர் இருக்கட்டும். விற்ற 14 நாட்களுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நீங்களும் அறிவித்துவிடுங்கள். அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். இந்த ஒரு வேலைக்கு அலையப் பலர் பின்வாங்குவதால்தான் புரோக்கரின் பிழைப்பே ஓடுகிறது.

இனி மெஷின். சாம்பல் நிறம் என்கிறீர்கள், அப்படியென்றால் அநேகமாக டி.ஈ.20 என்ற மொடல். இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை செய்தார்கள், ஐந்து லட்சத்துக்கும் மேல். ஆகவே அந்த மொடல் உலகத்தில் அரிதானது இல்லை. முழுசாக, கூட வந்த சாமான்களோடு இருப்பதுதான் அரிது. பின்னால் கலப்பையைத் தூக்கும் இரண்டு கைகள், நடுவில் உள்ள மேல் கம்பி, முதலில் வாங்கிய இரட்டைக் கலப்பை, சாவிகள், பழைய பில், அப்பா வயலில் அதை ஓட்டும் படம் ஏதாவது இருந்தால் அது. இரண்டு கைகளிலும் மேல் கம்பியிலுமாகக் கலப்பையை மாட்டும் மூன்று புள்ளி முறை, இந்த மெஷினுக்குப் பெயர் கொடுத்த ஹரி பேர்குசன் கொண்டுவந்தது; இன்றைக்கு ஓடும் பெரும்பாலான டிரக்டர்களில் இருப்பதும் அதுதான். வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்தப் பின்பக்கத்தைத்தான்.

ஸ்டீயரிங்குக்கு முன்னால் உள்ள தகட்டில் சிறிய இலக்கத்தகடு ஒன்று இருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெதுவாகத் துடையுங்கள், உப்புக்கடதாசி போட வேண்டாம். டி.ஈ.ஏ. என்று தொடங்கினால் பெற்றோல், டி.ஈ.டி. என்றால் மண்ணெண்ணெய், டி.ஈ.எஃப். என்றால் டீசல். அந்த இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் படமெடுத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் மாற்றிய மெஷின்கள் இங்கே நிறைய. மாற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும்.

பெயின்ட் அடிக்காதீர்கள். இறுகிப்போன எஞ்சினை இன்னொரு டிரக்டரில் கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ண யாரையும் விடாதீர்கள். உள்ளே உடைந்தால் அப்புறம் அது நிறுவைக்குத்தான். "டைனமோவை மட்டும் கழற்றிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன், நாளைக்கு முழுசாக எடுக்கிறேன்" என்பவர் திரும்பி வரமாட்டார். கழற்றிய பொருளும் வராது. "இது புராதனப் பொருள், தொல்பொருள் திணைக்களம் வந்து தூக்கிவிடும், அதற்குள் தந்துவிடுங்கள்" என்று பயமுறுத்துவோரும் உண்டு. 1940இன் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்று சொல்வது 1815க்கு முந்திய பொருட்களை. உங்கள் அப்பாவின் மெஷினுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

லிஸ்டருக்கு வேறு கணக்கு. நிலத்தில் பூட்டி வைத்த எஞ்சினுக்குப் பதிவுப் புத்தகம் கிடையாது. ஆகவே பெயர் மாற்றம், திணைக்களம் என்று மேலே சொன்னது எதுவும் அதற்கு இல்லை. ஆனால் சில்லு வைத்த பெட்டியில் (ட்ரெய்லர்) ஏற்றி வயலுக்கு வயல் இழுத்துப் போனதென்றால், அந்தப் பெட்டியைப் பாருங்கள். டிரக்டர் பெட்டிக்குத் தனி இலக்கம், தனிப் புத்தகம் உண்டு. இலக்கம் உள்ள பெட்டியோடு விற்றால் பெட்டிக்கு மட்டும் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். எஞ்சினை இறக்கி, அதை மட்டும் விற்றால் தேவையில்லை. பெட்டியை வைத்துக்கொண்டாலும் அதன் புத்தகத்தை எஞ்சினோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். எஞ்சினுக்கு உங்கள் கையெழுத்தோடு ஒரு விற்பனைப் பற்றுச்சீட்டு போதும். இன்னொன்று: பெரிய சில்லு சுழலும் பழைய லிஸ்டரைப் போலவே இந்தியாவின் ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்தார்கள். லிஸ்டர் செய்த ஊரான டர்ஸ்லியின் பெயர் பொறித்த தகடு இருந்தால்தான் இங்கிலாந்துச் சாமான். ராஜ்கோட் எஞ்சினும் நல்லாய் உழைக்கும், விலைதான் வேறு.

சரி, யாரிடம் கொடுப்பது? என் முதல் தெரிவு, சொந்தமாகப் பூட்டித் திருத்தி ஓட்டக்கூடிய விவசாயி. கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பழைய மெக்கானிக்மாரிடம் விசாரித்தால் அப்படிப்பட்டவர்களைக் காட்டுவார்கள். வந்தவரிடம் "எங்கே நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். கூரை உள்ள இடத்தைச் சொல்லாதவருக்குக் கொடுக்காதீர்கள்.

மாணவர்கள் படிக்கட்டும் என்று நினைத்தால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தையும், மகா இலுப்பள்ளமவில் உள்ள பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையத்தையும் எழுத்தில் கேட்கலாம். ஆனால் வெறும் வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். இருப்புப் பதிவேட்டில் இன்னாரின் அன்பளிப்பு என்று ஏற்றி, அதன் பிரதியைக் கையில் தந்த பிறகுதான் மெஷின் படலையைத் தாண்ட வேண்டும். பொறுப்பான அதிகாரி இடம் மாறினால், அடுத்தவர் பாவனைக்கு உதவாது என்று எழுதி (கொண்டம் பண்ணி) ஏலத்தில் விட்டுவிடுவார். அரச இடங்களில் நல்ல இயந்திரங்கள் இப்படித்தான் கிலோக் கணக்கில் போகின்றன. மூடிக் கிடந்த கந்தளாய் சீனித் தொழிற்சாலையில் துருவேறிய இரும்பை இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கவனிப்பார் இல்லாமல் வேலைக்கான இயந்திரத்தை அழிய விடுவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

கொழும்புச் சேகரிப்பாளர்கள் மோசமில்லை, விலையும் தருவார்கள். ஆனால் நடுவில் ஆள் இல்லாமல் பேசுங்கள். பணம் முழுதும் வங்கியில் விழுந்த பிறகு ஏற்றலாம். லொறியில் ஏற்றும்போது அச்சில் கயிறு போடச் சொல்லுங்கள், தூக்கும் கைகளில் கட்டினால் வளைந்துவிடும். மாரி தொடங்க முன், வயல் பாதை காய்ந்திருக்கும்போதே ஏற்றிவிடுங்கள்.