டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார் அப்பா: மகன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 76. சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. டயாலிசிஸ் தொடங்கியே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பா திட்டவட்டமாக மறுக்கிறார். அவருக்குப் பதில் நானும் தங்கையும் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிவிடலாமா? மறுத்தால் அப்படியே கைவிட்டுவிடுவார்களா?

பதில்: போடக் கூடாது. அப்பா தெளிவாக இருக்கும்வரை அவர் உடம்புக்கு அவர் சம்மதம்தான். மனத்தெளிவுள்ள, வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தன் உடலில் என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என நியூயார்க் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ 1914-லேயே எழுதிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும், நோயாளியைப் படுக்கையில் விட்டுவிட்டு மகனை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசும் பழக்கம் போகவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

முதலில் அவருக்கு எது வேண்டாம் என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவரின் ஃபைலில் ‘மறுத்துவிட்டார்’ என்று மூன்று பேர் கையெழுத்தில் மூன்று முறை எழுதியிருந்தது. காரணத்தை ஒருவரும் எழுதவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டபோது தலையணையெல்லாம் ரத்தம். அதைப் பார்த்ததிலிருந்து கழுத்தில் கைவைத்தபடியே தூங்கியிருக்கிறார். அவர் மறுத்தது அந்தக் குழாயைத்தான். வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்யும் முறை இருக்கிறது என்றதும், “இத ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?” என்றார்.

உங்கள் அப்பாவின் காரணம் வேறாக இருக்கலாம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்று நம்புகிறவர்களும் நிறைய. நிறுத்தலாம். சில வாரம் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம் தேவை. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் தேங்கும் கழிவே மூளையைக் குழப்பும். காலையில் தெளிவாகப் பேசியவர் சாயங்காலம் மகளையே அடையாளம் தெரியாமல் விழிக்கலாம். கிருமித் தொற்றும் சோடியம் குறைவதும் தூக்க மாத்திரையும்கூட அப்படிச் செய்யும். அந்த நேரத்து ‘வேண்டாம்’ கணக்கில் வராது. அந்த நேரத்து ‘வேண்டும்’ என்பதும்தான். அவர் தெளிவாக இருக்கும் வேளையில், கண்ணாடியும் காது மெஷினும் மாட்டிவிட்டு, டாக்டரை அவரிடமே பேசச் சொல்லுங்கள். சொன்னது புரிகிறதா, நினைவில் நிற்கிறதா, மறுத்தால் உயிருக்கு ஆபத்து என்பதைத் தன் விஷயமாக உணர்கிறாரா, எடைபோட்டுக் காரணம் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாளும் அதே பதில் வந்தால் அது அவர் முடிவு. தெளிவு திரும்பவே இல்லையா? அப்போது நீங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியது, அவர் நன்றாக இருந்தபோது என்ன விரும்பினார் என்பதை. உங்கள் விருப்பத்தை அல்ல.

வயசாகிவிட்டது, பிடிவாதம், மனநல மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் தெளிவின்மைக்குச் சான்று ஆகாது. இங்கிலாந்தில் மனச்சிதைவு நோயுள்ள 68 வயதுக்காரர் ஒருவர், அழுகிய காலை எடுக்க மறுத்தார். எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புதான் என்றார்கள். காலை எடுக்காமல் செய்த சிகிச்சையிலேயே அந்த ஆபத்தைத் தாண்டினார். இனியும் அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று 1993-ல் நீதிமன்றம் சொன்னது.

சரி, கைவிட்டுவிடுவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். ‘என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள். விளைவுகளைச் சொன்னார்கள், அவர் மறுத்தார் என்பதற்குத்தான் அந்தத் தாள். எல்லா வைத்தியத்தையும் துறந்ததாக அர்த்தம் இல்லை. மூச்சுத்திணறல், அரிப்பு, குமட்டல், வலி எல்லாவற்றையும் மருந்தால் தணிக்க முடியும். அந்தக் கவனிப்பு அவருக்குக் கிடைத்தாக வேண்டும். மறுத்தவரைத் தண்டிப்பதுபோல் நடத்தும் மருத்துவமனைகளை நான் பார்த்திருக்கிறேன். விடாமல் கேளுங்கள்.

அப்புறம், வீட்டுக்கு வந்த அன்றே ஒரு போன் வரலாம். கிரியாட்டினினை (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) நாற்பது நாளில் இறக்கும் பொடி, ‘கிட்னி ஏற்பாடு பண்ணலாம்’ என்ற பேச்சு. இவருக்கு நம் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று யோசியுங்கள். மூலிகைதானே என்று நினைக்காதீர்கள். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைக்கக் கொடுத்த மூலிகை மாத்திரையால் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். அப்பா மறுப்பது அவர் உரிமை. ஆனால் பொடி குணமாக்கிவிடும் என்ற பொய்யை நம்பி மறுத்தால், அதை அவருடைய முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பொய்யை உடைத்துச் சொல்லிவிட்டு, மறுபடி அவரிடம் கேளுங்கள்.

எந்த நாளிலும் அவர் மனம் மாறலாம். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தயார் செய்ய வாரக்கணக்கில் ஆகும். அதனால் மனம் மாறினால் எந்த வழியில் தொடங்குவது, நடுராத்திரி மூச்சு வாங்கினால் யாரைக் கூப்பிடுவது, இந்த இரண்டையும் இப்போதே டாக்டரிடம் எழுதி வாங்கிவையுங்கள்.