டீ குடித்தால் விசாரணை முடிந்ததா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் தனியார் பள்ளியில் டீச்சர் நான். மேனேஜர் ராத்திரியில் ஆபாசமாக வாட்ஸ்அப் அனுப்புகிறார். ஹெச்.எம்.மிடம் சொன்னால், இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, ‘பேசித் தீர்த்துக்கோங்க’ என்கிறார். இதுதான் விசாரணையா?

பதில்: இல்லம்மா. 10 பேர் வேலை பார்த்தாலே, 2013 பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, பெண் தலைமையில், வெளியாள் ஒருவரையும் சேர்த்து உள்ளகக் குழு இருக்க வேண்டும். விசாரிக்க வேண்டியது அந்தக் குழுதான், அதுவும் 90 நாளுக்குள். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டும்தான், ஹெச்.எம். ஆசைப்பட்டால் அல்ல! கடைசி மெசேஜ் வந்து 3 மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் புகாரை எழுதிக்கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 10 பேர்கூட இல்லாத பள்ளியா, சரி, வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மாவட்ட உள்ளூர்க் குழுவைக் கேளுங்கள். அப்புறம், அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள், கோபத்தில் டீச்சர்கள் குரூப்பிலும் போட்டுவிடாதீர்கள்.